தேய்ந்த கிண்ணம்

இத்தாலி நாட்டின் வடபகுதியிலே, அல்ப்ஸ் மலைத்தொடருக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் சமவெளியில் அமைந்துள்ளது மிலான் மாநகரம். அந்நகருக்குச் செல்வோர் முதலிற் காண விரும்புவது அதன் பேராலயத்தையே. ஆலயத்துக்கு அணித்தாகக் கண்ணாடிக் கூரை வேய்ந்த அழகிய கடைவீதியொன்று உண்டு. 1865ஆம் ஆண்டிலே தொடங்கி 1877ஆம் ஆண்டிலே நிறைவெய்திய அவ்வீதிக்கு மன்னர் இரண்டாம் வித்தோரியோ எம்மனுவேலேயின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அதன் நடுக்கூடத்துத் தரையிலே, ரூறின் நகரின் சின்னமாகிய காளையொன்று வண்ணக் கற்களாற் பதிக்கப்பட்டுள்ளது. அக்காளையின்மேல் குதிக்காலை ஊன்றிச் சுழன்றால் நன்மை விளையும் என்பது மக்களின் நம்பிக்கை. வருவோர் போவோரெல்லாம் சுழன்று சுழன்று அவ்விடத்திலே குழி விழுந்துவிடுகிறது. காலத்துக்குக் காலம் கற்களைப் புதிதாகப் பதிக்கவேண்டியிருக்கிறது.

பேராலயத்தின் கதையும் இத்தகையதே. 1386ஆம் ஆண்டிலே கட்டத் தொடங்கப்பெற்ற அவ்வாலயத்தின் வேலைகளைக் கவனிப்பதற்கென 1387ஆம் ஆண்டிலே ஒரு சபை நிறுவப்பெற்றது. அச்சபை இன்றும் இயங்கி வருகிறது. மழையும் பனியும் நகரத்துப் புகையும் அரித்த கற்களைக் கழற்றி, கந்தோலியா என்னும் மலையூரின் சுரங்கத்திலிருந்து அதே இனத்துச் சலவைக்கல்லைக் கொணர்ந்து, செதுக்கிப் பொருத்துகிறார்கள். தேய்ந்ததை மாற்றும் அப்பணி ஆறு நூற்றாண்டுகளாகியும் ஓய்ந்தபாடில்லை.

இவற்றையெல்லாம் கண்டு வியந்தேன். எனினும் தேய்வு என்பது யாது என்பதை நான் உள்ளபடி அறிந்துகொண்டது இவ்விடங்களிலன்று. புகையிரத நிலையத்துக்கு அருகேயுள்ள ஒரு சிறு கோப்பிக்கடையிலே, உள்ளங்கையில் அடங்கும் உருக்குக் கிண்ணமொன்றைக் கொண்டே அதனை அறிந்துகொண்டேன்.

என் தம்பியின் மகன் அக்கடையில் ஐந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறான். அவன் அழைத்தபடியாலேயே நான் மிலானுக்குப் போனேன். இத்தாலியர் கோப்பிக்கடையைப் 'பார்' என்று வழங்குவர். "பாரில் வேலை கிடைத்திருக்கிறது" என்று அவன் முதன்முதலாகத் தொலைபேசியிற் சொன்னபோது, ஊரிலே அவனுடைய அப்பாச்சி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பேரன் சாராயக் கடையில் நிற்கிறான் என்று நினைத்துவிட்டார். அங்கே மக்கள் காலையில் தேடி வருவது கோப்பியையே என்பதை அவருக்கு விளங்கவைக்கப் பெரும்பாடு படவேண்டியிருந்தது.

காலை ஏழு மணிக்கு அக்கடையைப் பார்க்கவேண்டும். வாசலிலே, 1928ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய வகையைச் சேர்ந்த பழைய ட்ராம் வண்டிகள் மணியடித்துக்கொண்டு செல்கின்றன. உள்ளே அமர்ந்து குடிப்போர் மிகச் சிலர். பலரும் காசைக் கட்டிப் பற்றுச்சீட்டைப் பெற்று, உயர்ந்த மேசைப் பலகையின்மேல் அதனை வைத்து, நின்றபடியே கோப்பி கேட்கிறார்கள். பாதி முட்டையோட்டுக்குள் அடங்கிவிடக்கூடிய சிறிதளவு கோப்பி. அதன்மேல் தவிட்டு நிறத்தில் மெல்லிய நுரைப் படலம். இரண்டு மூன்று மிடறிலே அதனைக் குடித்து முடித்து, "நல்ல நாளாகுக" என்று வாழ்த்திவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வழக்கமான கடை ஒன்றுண்டு. ஒருவர் தம் கடையை மாற்றினார் என்றால் அது சிறிய காரியமன்று.

நான் சென்றிருந்த வேளையிலே அக்கடையில் அந்தக் காரியமே நிகழ்ந்துகொண்டிருந்தது.

"பெரியப்பா, இன்றைக்கும் நாலு பேர் கோப்பியைப் பாதியிலே வைத்துவிட்டுப் போனார்கள்," என்றான் பையன், இரவுச் சாப்பாட்டின்போது. "முதலாளியம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் பார்க்கிறாவே, அதுதான் பொல்லாதது."

சில மாதங்களாகவே தொல்லை இருந்து வந்திருக்கிறது. ஒரு நேரம் கோப்பி நன்றாக இருக்கும். மறு நேரம் புளித்து, நீர்த்து, அடியிலே வண்டல் தங்கும். சில நாட்களிலே தாங்கமுடியாத கசப்பு. கோப்பிக்கொட்டையை மாற்றிப் பார்த்தார்கள். அரைக்கும் இயந்திரத்துக்குப் புதிய அலகுகள் பூட்டினார்கள். நீரை வடிக்கும் சாதனத்தையும் மாற்றினார்கள். எதனாலும் பயனில்லை. கொட்டை ஒன்று, நீர் ஒன்று, இயந்திரம் ஒன்று; கோப்பி மட்டும் இரண்டு விதம். ஆகையால் பிழை கையிலேதான் இருக்கவேண்டும் என்று முதலாளியம்மா முடிவு செய்துவிட்டார். மாத முடிவோடு வேறு ஆளைப் பார்க்கப் போவதாகவும் சொல்லிவிட்டார். அந்நிய நாட்டிலே வேலை போனால் வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பதும் எளிதன்று. பையன் சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தான்; உண்ணவில்லை.

மறுநாள் அவனுக்கு விடுமுறை. மனம் சற்று மாறட்டும் என்று எண்ணி, "எங்கேயாவது போய்வருவோம்," என்றேன். அவன் அழைத்துச் சென்ற இடமும் கோப்பியைப் பற்றியதாகவே இருந்தது! மிலானுக்குத் தெற்கேயுள்ள பினாஸ்கோ என்னும் ஊரிலே, கோப்பி இயந்திரங்களுக்கென்றே ஒரு பொருட்காட்சிச்சாலை 2012ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நூறாண்டுக்கு மேற்பட்ட இயந்திரங்களின் வரலாற்றை அங்கே வரிசையாகக் காணலாம்.

ஆவியைக்கொண்டு விரைவாகக் கோப்பி வடிக்கும் இயந்திரத்தை முதன்முதலில் 1884ஆம் ஆண்டிலே ரூறின் நகரத்துப் பொருட்காட்சியில் வைத்தவர் அஞ்சலோ மொரியொந்தோ என்பவர். ஆனால் அது ஒரே முறையிற் பெருமளவு கோப்பியை வடித்தது. கேட்பவருக்குக் கேட்டவுடனே தனிக் கோப்பையாக வடித்துக் கொடுக்கும் இயந்திரத்துக்கு 1901ஆம் ஆண்டிலே ஆக்கவுரிமை பெற்றவர் மிலான் நகரத்து லுயிஜி பெட்செரா. அவ்வுரிமையை வாங்கிய தெசிதேரியோ பவோனி என்பவர் 1905ஆம் ஆண்டு முதல் அவ்வியந்திரங்களைச் செய்து விற்றார். செம்பும் பித்தளையும் ஒளிவிட, நெட்டையாக நிமிர்ந்து நிற்கும் கொதிகலன்கள் அவை. சிலவற்றின் உச்சியிலே கழுகு ஒன்று சிறகு விரித்திருக்கும்.

அவற்றின் தோற்றம் கம்பீரமானது, வலிமையோ குறைவு. ஆவியின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ ஒன்றரை மடங்கே. மிலானிலே கோப்பிக்கடை வைத்திருந்த அக்கில்லே காஜ்ஜியா 1938ஆம் ஆண்டிலே புதிய முறையொன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். உலகப் போர் முடிந்தபின், 1947ஆம் ஆண்டளவிலே நெம்புகோலும் விற்சுருளும் முசலமும் கொண்ட இயந்திரத்தை உருவாக்கினார். கையால் நெம்புகோலை இழுத்து விட்டால், விற்சுருள் விரிந்து நீரை எட்டொன்பது மடங்கு அமுக்கத்தோடு கோப்பித் தூளினூடே செலுத்தும். இன்று நாம் காணும் தவிட்டு நிற நுரை அப்பொழுதுதான் கோப்பைக்கு வந்தது. 1961ஆம் ஆண்டிலே பாயமா நிறுவனத்தார் கைவலிமைக்குப் பதிலாக மின்பம்பியை அமைத்து 'ஈ61' என்னும் இயந்திரத்தை வெளியிட்டார்கள். அவ்வாண்டு நிகழ்ந்த சூரிய கிரகணத்தை ஒட்டியே அப்பெயர் இடப்பட்டது.

இவ்வளவையும் பார்த்துவந்த எனக்கு ஒன்று புலப்பட்டது. கொதிகலன் மாறிற்று, நெம்புகோல் வந்து பம்பிக்கு இடங்கொடுத்தது, கழுகும் பறந்துபோயிற்று. ஆனால் பெட்செராவின் காலந்தொட்டு மாறாத பொருள் ஒன்று இருந்தது. மரப்பிடியோடு கூடிய கரண்டி போன்ற கைப்பிடியும், அதனுள்ளே கோப்பித் தூளைத் தாங்கும் துளையிட்ட சிறு கிண்ணமுமே அது. இயந்திரத்தின் வலிமை பெருகப் பெருக அச்சிறு கிண்ணத்தின் சுமையும் பெருகியிருக்கிறது. ஆனால் கண்ணாடிப் பெட்டிகளின் முன்னே நின்றவர்களில் அதனைக் கவனித்துப் பார்த்தவர் எவரும் இல்லை. நானும் அப்பொழுது மேலோட்டமாகவே பார்த்தேன்.

அடுத்த நாள் முற்பகல் நான் கடையில் நின்றபோது, முதலாளியம்மாவின் தந்தையார் வந்தார். கடையைத் தொடங்கியவர் அவரே. எண்பது வயதைத் தாண்டி, ஊர்ப்புறத்திலே ஓய்வாக வாழ்கிறவர். மகள் தன் குறையையெல்லாம் சொன்னாள். கிழவனார் மறுமொழி சொல்லவில்லை. இயந்திரத்தின் இரு கைப்பிடிகளிலும் ஒவ்வொரு கோப்பியாக வடிக்கும்படி பையனிடம் சைகை காட்டினார். இரண்டையும் ஒவ்வொரு மிடறு குடித்தார். பின்பு கோப்பைகளைச் சாய்த்து அடியைப் பார்த்தார். ஒன்றிலே அடிவெள்ளை தெரிந்தது. மற்றதிலே சேறு போலக் கருவண்டல்.

"இந்த இரண்டு கிண்ணமும் ஒரே வயதா?" என்று அவர் கேட்டார்.

பையன் திகைத்துப் போனான். "வலப்பக்கத்தது சென்ற குளிர்காலத்திலே தரையில் விழுந்து நெளிந்தது, புதிது போட்டோம். இடப்பக்கத்தது நான் வேலைக்கு வந்த நாள் முதலாக இருக்கிறது," என்றான்.

கிழவனார் மேசையின் கீழிருந்த இலாச்சியை இழுத்து, அதன் கோடியிலே கடதாசியிற் சுற்றி வைத்திருந்த பொருளை எடுத்தார். அது ஒருமுறையேனும் பயன்படுத்தப்படாத கிண்ணம். இடக்கைப்பிடியிலிருந்த கிண்ணத்தைக் கழற்றிக் கழுவித் துடைத்து, இரண்டையும் சாளரத்து வெளிச்சத்திலே உயர்த்திப் பிடித்தார். என்னையும் அருகழைத்துப் பார்க்கச் சொன்னார்.

புதிய கிண்ணத்தின் அடியிலே நூற்றுக்கணக்கான ஒளிப்புள்ளிகள் ஒழுங்காகப் பொலிந்தன. ஒவ்வொரு துளையும் ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர் அகலந்தான். பழைய கிண்ணத்திலோ ஓரத்துப் புள்ளிகள் பல இருண்டு கிடந்தன. கோப்பியின் எண்ணெய்ப் பசையும் நுண்தூளும் சேர்ந்து அவற்றை அடைத்திருந்தன. நடுவிலே, ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு மயிரிழை போன்ற ஒளிக்கீற்று ஓடிற்று. அது வெடிப்பு. பின்பு அடிமட்டமொன்றை எடுத்துக் கிண்ணத்தின் அடிப்புறத்திலே வைத்துக் காட்டினார். புதியதிலே அடிமட்டம் படிந்து நின்றது. பழையதிலே நடுப்பகுதி புடைத்திருந்தமையால் அது இருபுறமும் ஆடியது.

ஒரே நிறையுள்ள தூளை இரண்டிலும் இட்டு வடித்துப் பார்த்தார்கள். புதிய கிண்ணத்திலே 26 விநாடி சென்றது. பழையதிலே 17 விநாடிக்குள் கோப்பை நிறைந்துவிட்டது.

இதன் காரணத்தை மாணவர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். கிண்ணத்தின் வாயகலம் ஏறத்தாழ 58 மில்லிமீற்றர். அதற்குள் இடுவது 7 கிராம் தூள். இரு கோப்பைக்குரிய கிண்ணமாயின் 14 கிராம். ஏறக்குறைய 90 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீர் ஒன்பது மடங்கு வளிமண்டல அமுக்கத்தோடு அத்தூளின்மேல் இறங்குகிறது. பரப்பையும் அமுக்கத்தையும் பெருக்கிப் பார்த்தால், தூளின்மேல் விழும் விசை ஏறத்தாழ 240 கிலோகிராம் நிறைக்குச் சமம் என்பது தெரியவரும். வளர்ந்த ஆட்கள் மூன்று நான்கு பேர் ஒன்றாக ஏறி நிற்பதைப் போன்றது அது. அச்சுமை முழுவதையும் கீழேயிருந்து தாங்குவது, துளைகளாற் சல்லடையாக்கப்பட்ட மெல்லிய உருக்குத் தகடு.

நாளொன்றுக்கு ஒரு கைப்பிடியில் 150 முறை கோப்பி வடிப்பதாகவும், ஆண்டில் 300 நாள் கடை திறப்பதாகவும் கொள்வோம். ஓராண்டில் 45,000 முறை. ஐந்து ஆண்டில் 225,000 முறை. ஒவ்வொரு முறையும் தகடு மிகச் சிறிதளவு வளைந்து மீள்கிறது. கம்பியொன்றை அங்குமிங்கும் வளைத்துக்கொண்டிருந்தால் அது களைத்து முறிவதைச் சிறுவரும் அறிவர். உருக்கும் அவ்வாறே களைக்கிறது. முதலிலே அடி புடைக்கிறது. பின்பு, இரு துளைகளுக்கிடையே ஒடுங்கியிருக்கும் உலோகத்தில் வெடிப்புத் தோன்றுகிறது. இதற்கிடையிலே, குடித்து முடிந்த சக்கையைக் கொட்டுவதற்காகக் கைப்பிடியைத் தட்டுகிறபோது விளிம்பு நசுங்குகிறது. கிண்ணத்தைப் பற்றியிருக்கும் கம்பி வளையம் அதன் பக்கத்தை உராய்கிறது. கழுவாமல் விட்ட எண்ணெய் துளைகளை அடைக்கிறது.

அதன்பின் நீர் தனக்கு எளிதான வழியை நாடுகிறது. அடைபட்ட இடத்தை விட்டு, வெடித்த இடத்தை நோக்கி ஓடுகிறது. அவ்விடத்துத் தூளிலிருந்து கசப்புவரை அனைத்தும் கரைந்து வருகிறது. மற்றைய இடத்துத் தூள் அரைகுறையாய் நனைந்து புளிப்பையே தருகிறது. வெடிப்பினூடே நுண்தூளும் இறங்கி வண்டலாகிறது.

அப்படியாயின் இவ்வளவு காலமும் எவரும் அறியாதது எங்ஙனம்? கிழவனார் சொன்ன விளக்கம் என் மனத்தை விட்டு அகலவில்லை. இரு கிண்ணங்களும் சேர்ந்தே தேய்ந்து வந்தன. கோப்பி சற்று விரைவாக இறங்கத் தொடங்கியதும், பையன் தன்னை அறியாமலே தூளைச் சற்று நுண்மையாக அரைத்தான். பின்னும் விரைந்தது, பின்னும் நுண்மையாக்கினான். இப்படியாகத் தேய்வைக் கைத்திறமை மூடி மறைத்துக்கொண்டே வந்தது. வலப்பக்கத்திலே புதிய கிண்ணம் வந்தவுடன் அந்தச் சமாதானம் குலைந்தது. பழைய கிண்ணத்துக்கு ஏற்ற தூள் புதியதிலே அடைத்துக்கொண்டு கசந்தது. புதியதுக்கு ஏற்றபடி அரைத்தால் பழையதிலே ஊற்றிக் கொட்டியது. நல்ல பணியாளன் இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்காக அலைந்திருக்கிறான். மோசமானவனாய் இருந்திருந்தால் முதல் ஆண்டிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும் என்று கிழவனார் சொன்னபோது, பையன் அதனை எனக்கு மொழிபெயர்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முதலாளியம்மாவே அரைகுறை ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னார்.

நம் வீட்டு அம்மி தேய்ந்து வழுவழுத்தால், கொத்துகிறவரை அழைத்துக் கொத்துவித்துக்கொள்கிறோம். இக்கிண்ணத்தை அவ்வாறு செப்பனிட இயலாது, மாற்றத்தான் வேண்டும். விலையும் பெரிதன்று. அரைக்கும் இயந்திரத்தின் அலகுகளுக்குச் செலவிட்டதோடு ஒப்பிட்டால் அற்பமே. அன்று மாலையே நான்கு கிண்ணங்கள் வாங்கப்பட்டன. இரண்டு கைப்பிடிகளிலும் ஒரே நாளில் புதியன பூட்டினார்கள். ஒன்று மாற்றுக்கென வைக்கப்பட்டது. மற்றொன்றைக் கிழவனார் மீண்டும் கடதாசியிற் சுற்றி, இலாச்சியின் கோடியிலே தம் கையாலேயே வைத்தார். அதிலே கோப்பி வடிக்கக்கூடாது. மாதமொருமுறை மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பது அவர் கட்டளை. நாள்தோறும் கையாளும் பொருளின் தேய்வு அதனைக் கையாள்பவனுக்குத் தெரிவதில்லையாம். தேயாத ஒன்றை அருகில் வைத்தாலன்றித் தெரியாதாம்.

மாத முடிவு வந்தது. புதிய ஆள் எவரும் வரவில்லை. முதலாளியம்மா மன்னிப்பு என்னும் சொல்லை வாயாற் சொன்னாரோ என்று நான் பையனிடம் கேட்டேன். "சொல்லவில்லை, பெரியப்பா. ஆனால் இப்போது காலையில் தன்னுடைய கோப்பியை என்னிடமே கேட்டுக் குடிக்கிறா," என்றான். எங்கள் இருவருக்கும் அது போதியதாக இருந்தது.

நான் புறப்பட்ட நாளிலே, எறியவிருந்த பழைய கிண்ணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இன்று அது என் மேசைமேல் இருக்கிறது. இராவேளையிலே பேரப்பிள்ளைகள் விளக்கை அணைத்துவிட்டு, மின்சூளின் மீது அதனைப் பிடித்துச் சுவரிலே ஒளிப்புள்ளிகளை விழுத்தி எண்ணுகிறார்கள். ஒருவருடைய கணக்கும் மற்றவருடைய கணக்கும் ஒருபோதும் ஒத்துவந்ததில்லை. நடுவிலே ஓடும் அந்த ஒளிக்கீற்றை ஒரு துளையாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா என்பதிலேதான் எப்பொழுதும் சண்டை.